மணிக்கட்டுக் கயிறு

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாயா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

என் மகள் சில்வண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல இரண்டு வார அழுக்குத் துணியை என் தலையில் கட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். பேன்ட் பையைத் துழாவினால் ஒரு காகிதம். நல்லவேளை நனைக்கும் முன்னே எடுத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தேன். மேலே உன் வகுப்பின் பேர். மோட்டார் சைக்கிள் சாகசப் பயிற்சி. கீழே, வீட்டில் உள்ளவர் கையெழுத்து என்று ஒரு கோடு.

எழுப்பிக் கேட்டேன். "பார்சல் கம்பெனியில வண்டி ஓட்டத்தானே அந்த ஊருக்குப் போனே? இது என்னடி?"

"அத்தைகிட்ட நாலு வாரமாப் போறேம்மா. இன்னும் இன்ஜினே போடல."

"போடாத இன்ஜினுக்கு எதுக்குடி கையெழுத்து?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

உன் அண்ணன் போய் பத்து மாதம் ஆகிறது. மழையில் வேலைக்குப் போனவர் லாரியில் மோதினார். நீ கொடுத்த வண்டியில்தான் போனார். ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் முன்னால் உன்னை நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. இப்போது என் மகளையும் அழைத்துக்கொண்டாயா?

எனக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள். வண்டிக்கு இரண்டு சக்கரம் வைத்திருக்கிறான். அதில் ஒன்றை ஏன் தூக்க வேண்டும்? தூக்கினால் என்ன கிடைக்கும்? விழுந்தால் யார் பதில் சொல்வது? இருபத்தொரு வயது. நாளைக்கு ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தால் நீயா பார்ப்பாய்?

காகிதத்தைத் தையல் கூடத்தில் என் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

அண்ணி

&nbsp;

ஜனவரி 17

அண்ணிக்கு,

கவரில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே பிரித்தேன். உள்ளே திட்டுதான் இருக்கும் என்று தெரியும். பரவாயில்லை, திட்டுவதற்காவது என் ஞாபகம் வந்ததே.

கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற வகுப்பு இருந்தால் அங்கே அவளை அனுப்பாதீர்கள். இந்த ஏழு வருஷத்தில் இரண்டு பேருக்கு மணிக்கட்டு முறிந்தது, ஒருவருக்குக் காறை எலும்பு. மூன்று பேரையும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவரவர் அம்மாவிடம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் மாதம் முழுக்க வண்டியைத் தள்ளுவதும், கீழே கிடக்கிற வண்டியை முதுகு பிடிக்காமல் தூக்குவதும், மெத்தையில் விழுவதும்தான். வீடியோ எடுத்துப் போடலாம் என்று வந்தவர்கள் இதிலேயே ஓடிவிடுவார்கள். அப்புறம் ஆள் நடக்கிற வேகத்தில் எட்டுப் போட வேண்டும். சக்கரம் தூக்குவதெல்லாம் கடைசியில்தான். அதுவும் லாரி நிறுத்துகிற பழைய மைதானத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். ரோட்டில் செய்ததாகத் தெரிந்தால் அன்றோடு சரி. போன வருஷம் என்னிடம் இருந்ததிலேயே கெட்டிக்காரனை அப்படித்தான் அனுப்பினேன்.

இன்னொன்று. ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் ஒரு முழக் கயிறு கட்டுவேன். அதன் மறுமுனையில் சின்ன பிளாஸ்டிக் கட்டை. அது கைப்பிடி பக்கத்து சுவிட்சில் செருகியிருக்கும். ஆள் வண்டியை விட்டு விலகினால் கயிறு கட்டையைப் பிடுங்கிவிடும், அந்த நொடியே இன்ஜின் அணையும். அது இல்லாவிட்டால் விழுந்தவள் மேலேயே வண்டி ஏறும்.

என்ன கிடைக்கும் என்றால், சக்கரம் தூக்குவதால் வயிறு நிறையாது அண்ணி. ஆனால் எவ்வளவு பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகள் தினமும் எட்டு மணி நேரம் பார்சல் மூட்டையோடு லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறாள். அதற்கு உங்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

"அத்தை, நீயே போட்டுடேன்" என்றாள். "உங்கம்மா போடாம சாவி தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். தள்ளிக்கொண்டே இருக்கிறாள். என் மைதானத்தில் இப்போது பள்ளம் விழுந்திருக்கிறது.

நான் கொடுத்த வண்டி என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், நான் கொடுத்ததுதான்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

கையெழுத்துப் போட்டுப் போன மாதக் கடைசியில் கொடுத்தனுப்பினேன். கிடைத்திருக்கும். கூட நாலு வரி எழுத மனம் வரவில்லை. லாரிகளுக்கு நடுவில் என்று எழுதினாயே, அந்த வரி என்னை மிஷினில் உட்கார விடவில்லை. டிராயரைத் திறப்பதும் மூடுவதுமாக மூன்று நாள் போனது. பக்கத்து மிஷின்காரி, "உள்ளே என்ன, பூனை அடைச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டாள். போட்டுத் தொலைத்தேன்.

போட்டதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இந்த முறை வந்தவள் இடுப்பில் ஒரு நீலக் கன்றல். "மெத்தைக்கு வெளியே விழுந்துட்டேன்" என்று ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரிச் சொல்கிறாள். சாப்பிடும்போது கையைப் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, கயிறு அறுத்த தடம். நீ ஏழு வருஷமாகச் சொல்லித் தருகிறாய், பிள்ளைகள் கையைத் திருப்பிப் பார்க்க மாட்டாயா?

அந்தக் கயிறு அழுக்குத் துணியோடுதான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நாய்க்குக் கட்டுகிற கயிறு இதைவிட மெத்தென்று இருக்கும். எங்கள் கூடத்தில் நாள் முழுக்க எனக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரி நோயாளி பைஜாமாவுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பது. வயிற்றை அறுத்தவர்கள் போடுகிற துணி அது, அவர்களுக்கே உறுத்தாது. அந்த எலாஸ்டிக்கில் ஒரு முழம் எடுத்தேன். கயிற்றைப் பிரித்து எறிந்துவிட்டு, அதை வைத்து, இரண்டு முனையிலும் மூன்று தையல் ஓட்டி, கட்டையையும் மாட்டி அவள் பையில் வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. சொன்னால், "நீ சும்மா இரும்மா" என்பாள்.

இனி கை சிவக்காது. நீ செய்ய வேண்டியதை நான் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

முதலில் இதைப் படியுங்கள். சில்வண்டு நன்றாக இருக்கிறாள். ஒரு கீறல்கூட இல்லை. இதை எழுதும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. அவள் நேற்றே கயிற்றோடு வந்துவிட்டாள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம். இன்ஜின் போடுவதற்கு முன் ஒவ்வொருவர் கயிற்றையும் நான் என் கையால் இழுத்துப் பார்ப்பேன். கட்டை பட்டென்று வெளியே வர வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை இழுப்பேன். பிள்ளைகள் எனக்கு 'மணி அடிக்கிறவங்க' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நேற்று அவளுடையதை இழுத்தேன். வந்தது, வந்தது, என் தோள் வரைக்கும் வந்தது. கட்டை அசையவில்லை.

கயிறு விறைப்பாக இருந்தால்தான் பிடுங்கும் அண்ணி. எலாஸ்டிக் நீண்டுகொடுத்துவிடும். அவள் கீழே கிடப்பாள், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

தையலைப் பார்த்ததுமே உங்கள் கை என்று தெரிந்துவிட்டது. அவளிடம், "இது லூசா இருக்கு, வேற கட்டிக்கோ" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது என் மேஜைக்குள் இருக்கிறது.

கை சிவந்ததை நான் பார்க்காதது தப்புதான். அதற்கு நீங்கள் திட்டியது நியாயம். இதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்காதீர்கள். உங்களைத் தெரியும் எனக்கு.

உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள நாத்தனாருக்கு,

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மேஸ்திரி நம்பவில்லை, போகட்டும்.

நீ இழுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் என்கிற இடத்துக்கு வந்ததும் என் புத்தி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது.

'பார்த்தீர்களா, என்னைச் சொன்னீர்களே' என்று ஒரு வார்த்தை நீ எழுதியிருக்கலாம். நானாக இருந்தால் எழுதியிருப்பேன். கடிதத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். இல்லை.

அதனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணன் ஹெல்மெட்டில் தாடைக்குக் கீழே மாட்டுகிற வார் தையல் விட்டுப் போயிருந்தது. "ஒரு நிமிஷ வேலை, தைச்சுக் குடேன்" என்றார். நான் ஒரு நாளைக்கு முந்நூறு இடுப்புப் பட்டி தைக்கிறவள். வீட்டுக்கு வந்தால் ஊசியைக் கண்டாலே எரியும். நாளைக்கு என்றேன். ஆறு நாள், நாளைக்கு நாளைக்கு என்றேன். ஏழாம் நாள் மழை. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். போகும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக்கூட இல்லை. "வரேன்" என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பார்த்ததும் வாயில் வந்ததைக் கத்தினேன். அது எனக்குச் சொல்ல வேண்டியது. நீ எதிரே நின்றாய், உன் மேல் போட்டுவிட்டேன்.

தைக்காமல் ஒருத்தரை அனுப்பினேன். தைத்து இன்னொருத்தியை அனுப்ப இருந்தேன். இனி என் கையால் யாருக்கும் எதுவும் தைத்துத் தருவதாக இல்லை. கூடத்து வேலை வேறு. அது யாருக்கென்றே தெரியாது.

அவளை நீ பார்த்துக்கொள்.

அண்ணி

&nbsp;

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இதை ஒரு வருஷமாகச் சுமந்தீர்களா? என்னிடம் கேட்டிருந்தால் அன்றே இறக்கி வைத்திருப்பேனே. பேசாமல் இருந்தது நம் இரண்டு பேருக்கும் வந்த கேடு.

அன்று நீங்கள் மயங்கி வெளியே பெஞ்சில் கிடந்தீர்கள். உள்ளே போய்ப் பார்த்தது நான்தான். அண்ணன் தலையில் ஒரு அடியும் இல்லை. நனைந்த முடி, எடுத்த வகிடு அப்படியே இருந்தது. லாரியின் பின்மூலை நெஞ்சில் இடித்ததுதான். வார் தைத்திருந்தாலும், ஒன்றுக்கு இரண்டாக ஹெல்மெட் மாட்டியிருந்தாலும் அதைத் தடுத்திருக்காது.

ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் எழுத்து எனக்கே பாதி புரியாது. மருந்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். இரண்டாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி.

என் பங்கையும் கேளுங்கள். அண்ணன் எப்போதும் பின் பிரேக்கை மட்டும்தான் மிதிப்பார். ஈர ரோட்டில் அது போதாது, வழுக்கும். "ஒரு வாரம் வா அண்ணே, சொல்லித் தரேன்" என்பேன். "தங்கச்சிகிட்ட டியூஷனா?" என்று சிரிப்பார். நான் விட்டுவிட்டேன். கட்டி இழுத்தாவது கொண்டுவந்திருக்க வேண்டும். சில்வண்டு என் வாசலில் வந்து நின்றபோது அதனால்தான் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு உதவி. என்னிடம் இருக்கிற பதினோரு கயிறும் கடையில் வாங்கியது, கையை அறுக்கிறது என்று நீங்கள் சொன்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பதினோரு கையிலும் சிவப்பு. எனக்குத் தையல் வராது, உங்களுக்கே தெரியும். பார்சலில் அனுப்பியிருக்கிறேன், திரும்பி வரும்வரை இன்ஜின் போட மாட்டோம். வேண்டாம் என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள், கோபப்பட மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 13

என் அன்பு நாத்தனாருக்கு,

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது வரியைப் படித்தார். "தலையில் காயம் இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்றார். இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். படித்தார். மூன்றாம் தடவை கேட்கும்போது அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். வெளியே வந்து கடைப்படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து அழுதேன். இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. எழுந்தபோது பசித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையாகச் சாப்பிட்டேன்.

நேற்றோடு அவர் போய் ஒரு வருஷம். சில்வண்டு வந்திருந்தாள். எலாஸ்டிக் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். பயப்படுவாள் என்று பார்த்தால், கழுதை, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "எலாஸ்டிக் போட்டா வண்டி ஓடிப்போனாலும் திரும்பி என்கிட்டயே வந்துடும்னு நெனச்சியாம்மா?" அப்பாவின் சிரிப்பு அப்படியே. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் பேசியதை நீ மறக்க வேண்டாம். அது பொய் என்று மட்டும் தெரிந்துகொள்.

பதினோரு கயிறும் முடித்துவிட்டேன், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மணிக்கட்டு வளையத்துக்கு மட்டும் உள்பக்கம் பருத்தித் துணி இரண்டு மடிப்பு வைத்திருக்கிறேன். கயிற்றில் கை வைக்கவில்லை, அது விறைப்பாகவேதான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் மிஷின் காலில் கட்டி இழுத்தேன். மிஷின்தான் நகர்ந்தது.

ஊசியில் நூல் மிச்சம் இருந்தது. அந்த ஹெல்மெட்டையும் பரணிலிருந்து இறக்கி வாரைத் தைத்து மாட்டினேன். அவர் சொன்னது சரி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு அவளோடு நானும் வருகிறேன். மைதானத்து ஓரத்தில் நிற்கிறேன். கண்ணைத் திறந்து வைத்திருப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, உன் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

கயிறு வந்ததும் பதினொன்றையும் நீயே இழுத்துப் பார். அண்ணி தைத்ததாயிற்றே என்று ஒன்றைக்கூட விட்டுவிடாதே.

உன் அண்ணி