குளிக்காத குதிரைக்கு ஏழு மதிப்பெண்

நண்பா,

நேற்று மாலை நம் குதிரைச் சவாரி மன்றத்தின் செயற்குழு கூடி, இரண்டு மணி நேரம் விவாதித்து, ஒருவர் மட்டும் நடுநிலை வகிக்க, ஒரு முடிவுக்கு வந்தது. லாயத்துச் சாமான் அறையில் கிடக்கும் பழைய பிரஷ்ஷைக் குப்பையில் போடுவதில்லை, என்னிடம் ஒப்படைப்பது. முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டன.

பிரஷ் உன்னுடையது. நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது. தும்புக்கு நடுவே இன்னும் வெள்ளை மயிர் சிக்கியிருக்கிறது. முகர்ந்தால் வைக்கோலும் தேங்காய் எண்ணெயும் மணக்கின்றன.

லாயத்தில் ஆறு குதிரைகளைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டியில் நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. அது ஓட்டப் பந்தயம் அல்ல. குதிரை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது, திரும்புகிறது, நிற்கிறது என்று மதிப்பெண் போடும் போட்டி. நடுவர் குதிரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது. எனக்கு அந்தத் தகுதி இருப்பதாக மன்றம் கருதியது.

நடுவர் ஒரு டத்தோ, அரசு கொடுத்த பட்டம் அது. நல்ல மனிதர், குதிரை தெரிந்தவர். ஆனால் உன் மல்லிக்கு முதல் இரண்டு ஆண்டும் அவர் போட்டது ஐந்துதான். மல்லி வெள்ளைப் பெட்டைக் குதிரை. பழைய மதிப்பெண் தாள்களை நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, தே தாரிக் டீ ஆறும்வரை வாசித்துக்கொண்டிருந்தாய்.

“டேய், கறுப்புக் குதிரை மெதுவா நடந்தா ‘நிதானம்’னு எழுதியிருக்கே. மல்லி மெதுவா நடந்தா ‘சோம்பல்’. அதே மணலு, அதே நடை.”

“டத்தோ வேணும்னு செய்யல லா.”

“வேணும்னு செஞ்சா சண்டை போடலாம். இது அவரு கண்ணுலயே இருக்கு.”

டத்தோ தன் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. தரகர் உன் தங்கையின் படத்தைக் காட்டியபோது, படிப்பெல்லாம் சரி, நிறம்தான் கொஞ்சம் என்று இழுத்தாராம். நீ கோபப்படவில்லை. “ரெண்டு பேருக்கும் நெறம் மாறிப் போச்சு மச்சான். தங்கச்சி வெள்ளையா, மல்லி கறுப்பா இருந்திருந்தா வீட்ல ஒரு கல்யாணம், லாயத்துல ஒரு கப்பு” என்றாய்.

மூன்றாம் ஆண்டு விஷயம் சிரிப்பாக இல்லை. லாயத்தில் ஓர் இடம் குறைகிறது; போட்டியில் கடைசியாக வரும் குதிரை பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரைக்குப் போகும், சுற்றுப்பயணிகளைச் சுமக்க. கடற்கரைக்காரர் முன்கூட்டியே வந்து மல்லியைப் பார்த்துவிட்டுப் போனார். படம் பிடிக்க வெள்ளைதான் எடுபடும் என்றார். மதிப்பெண்ணுக்கு ஆகாத நிறம் படத்துக்கு ஆயிற்று.

“அவளுக்குப் பதினேழு வயசுடா” என்றாய். “வெயில்ல ஆள் மாத்தி ஆள் ஏறினா ஒரு வருஷம் தாங்க மாட்டா.”

போட்டியன்று காலை தீவு முழுக்கத் தண்ணீர்த் தடை. முந்தைய நாள் மழையில் மல்லி செம்மண் சேற்றில் புரண்டு எழுந்திருந்தாள். உன்னிடம் இருந்தது இரண்டு பீப்பாய்த் தண்ணீர். ஒன்றை அவளைக் கழுவச் செலவழி என்றேன்.

“ஆறும் குடிக்கணும். இவ மேக்கப்புக்கு மத்ததெல்லாம் தாகமா நிக்கணுமா?”

இந்த பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாய். மண் உதிரவில்லை, ஒரே சீராகப் பரவியது. அரை மணி நேரத்தில் மல்லி அழகான செம்பழுப்புக் குதிரையாகிவிட்டாள்.

தாளில் குதிரையின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். சவாரி செய்பவர்களும் மூன்றே பேர்; குதிரைக்குக் குதிரை மாறுவார்கள். நான்காம் எண் உள்ளே வந்தபோது, கிழிந்த இடது காதை வைத்து எனக்குத் தெரிந்தது. டத்தோ நாற்காலியில் நிமிர்ந்தார்.

“இது புதுசா? நல்ல இனம். ஜெர்மன்காரன் வளர்த்ததா இருக்கும். எழுது, ஏழு. நிதானம்.”

என் பேனா நின்றது.

“என்ன தம்பி?”

“ஒண்ணுமில்ல டத்தோ.”

எழுதினேன். அந்தச் சொல்லை மல்லிக்கு நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் பரிசு. டத்தோ ரிப்பனைக் கட்டிவிட்டு அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அவர் உள்ளங்கை சிவந்தது. கழுத்தில் ஐந்து விரல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. நீ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் கண்ணால் கெஞ்சியும் பார்த்தேன்.

“போன வருஷம் அஞ்சு போட்டீங்களே டத்தோ, அதே மல்லிதான்” என்றாய்.

அவர் கையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். “ரொம்ப முன்னேறியிருக்கு” என்றார்.

“இல்ல டத்தோ. அழுக்காயிருக்கு.”

தாளைக் கேட்டார். ஏழை அடித்துத் திருத்தப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவ இடம் கேட்டார். தண்ணீர் இல்லை என்று சொன்னாய்.

மல்லி லாயத்தில்தான் இருக்கிறாள். நேற்று பிரஷ்ஷைக் காட்டினேன், தின்னப் பார்த்தாள். நானும் இன்னும் அதே நாற்காலியில்தான். ஆனால் மாதந்தோறும் நடக்கும் பயிற்சிச் சுற்றுகளில் டத்தோ ‘சோம்பல்’ என்றால் உடனே எழுதுவதில்லை. “கறுப்பா இருந்தாலும் சோம்பல்தானா டத்தோ?” என்று கேட்கிறேன். முறைக்கிறார்; பாதி நேரம் மாற்றிச் சொல்கிறார். சொந்தக் கருத்து இல்லாதவன் என்ற தகுதி உன்னால் போய்விட்டது. மன்றம் இன்னும் கவனிக்கவில்லை.

இந்த ஆண்டுப் போட்டிக்கு வெளியாரின் குதிரைகளும் சேர்ந்து ஒன்பது பதிவாகியிருக்கின்றன. அவற்றில் நான்கு வெள்ளை. அந்த நான்கின் சொந்தக்காரர்களும், அன்றைக்குத் தண்ணீர்த் தடை உண்டா என்று மன்றத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள்.