கணக்கு உன்னை ஆண் என்றது

ஐயப்பன்தாங்கல் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தாள். சட்டென்று உன் நினைவு வந்துவிட்டது. சைனஸ் தொல்லையால் எந்நேரமும் தைலம் மணக்க வளைய வந்தவள் நீ.

தடயவியல் மருத்துவம் படித்த நாட்களில், முக எலும்பின் அளவுகளைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கணிக்கும் ஆய்வை நாம் சேர்ந்து செய்தோம். கன்ன எலும்புகளின் அகலம், மூக்கின் உயரம் என்று ஸ்கேன் படங்களில் அளந்துகொண்டே இருப்போம். ஒருநாள் விளையாட்டாக, சைனஸுக்கு எடுத்த உன் ஸ்கேனையே கணக்கில் போட்டாய். ‘ஆண்’ என்று வந்தது. நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு, “ஸ்கூல்லயும் இதைத்தான்டி சொல்லிக் கிண்டல் பண்ணாங்க. அவங்களுக்கு ஸ்கேன்கூட தேவைப்படல,” என்றாய்.

பிறகு இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. ஒரு கோடையில் ஏரி வற்றியபோது சேற்றில் ஒரு மண்டையோடு கிடைத்தது. வேறு எலும்பு எதுவும் அகப்படவில்லை. அளந்தோம். கணக்கு ஆண் என்றது.

“பக்கத்துல பேன்ட்டும் கெடந்துச்சு டாக்டர். ஆம்பளன்னே எழுதிடுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

காணாமல் போன மகளைத் தேடித் திருமுல்லைவாயிலிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். இது காதில் விழுந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “ஆம்பளயா? அப்போ எம் பொண்ணு எங்கியோ உசுரோட கீறா.”

அந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ அவரிடமிருந்த போட்டோவை வாங்கிப் பார்த்தாய். மகளுக்கும் உன்னைப் போலவே அகன்ற முகம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

“அம்மா, இந்த அளவு நெறைய பேருக்குச் சரியா வரும், சில பேருக்குத் தப்பா வரும். என் முகத்தை அளந்தாலும் ஆம்பளன்னுதான் சொல்லும். உங்க ரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. பார்த்துடலாம்.”

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்டியே உட்டுடக் கூடாதாம்மா?”

நீ எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். வெகுநேரம் கழித்து அவரே கையை நீட்டினார். அறிக்கையில் ‘பாலினத்தை உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று எழுதினாய். இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார்.

முடிவு வந்தது. அவர் மகள்தான். அன்று நீ சாப்பிடவில்லை. “அந்தம்மாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கையையும் பிடுங்கிட்டேன்,” என்றாய்.

காரியமெல்லாம் முடித்துவிட்டு அவர் மறுபடி வந்தார். “வந்துடுவான்னு ஊட்டுக் கதவத் தொறந்தே வெச்சிருந்தேன். இப்போ சாத்திகினு தூங்குறேம்மா,” என்றார். உன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அன்றுதான் நீ அழுதாய்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் இடத்தில் நான் இருக்கிறேன். இப்போது அளப்பது, கணிப்பது எல்லாமே கம்ப்யூட்டர்தான். ஆனாலும் ‘உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று எழுத வேண்டிய இடத்தில் தயங்காமல் எழுதுகிறேன். எழுதிவிட்டு வெளியே போய், காத்திருப்பவர் பக்கத்தில் உட்காருகிறேன். என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உட்கார மட்டும் உன்னிடம் கற்றிருக்கிறேன்.