அம்மாவின் அறைக்கு அடித்த மஞ்சள்

அன்புள்ள வாயாடிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசை. இங்கேயும் எல்லாரும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுத இந்த முறை கை வரவில்லை. அம்மா இருக்கிறாள், பேசுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. பித்தப்பையை எடுத்தது நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னேனே, அது நல்லபடியாக முடியவில்லை. அம்மா தூங்குகிறாள், குளிக்கிறாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய். ஒரு நாள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாளே, அது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசியது. அவளுக்குச் சொல்லாதீங்க, பிள்ளையை வச்சுக்கிட்டுத் தவிச்சுப் போவா என்று அம்மாதான் என் வாயைக் கட்டினாள்.

ஊருக்கெல்லாம் பெயிண்ட் கலந்து கொடுக்கிற மனுஷன் வீட்டில் சுவர் மட்டும் பதினெட்டு வருஷமாக உதிர்கிறது என்று அவள் குத்திக் காட்டாத நாள் உண்டா? அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளில் அவள் அறைக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம், வந்ததும் வாயடைத்து நிற்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஆப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிய நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டுக்குப் போய் நிதானமா படிங்க சார் என்று சொல்லியிருந்தாள். நான் அதன் பின்பக்கத்தில் மூன்று விதமான மஞ்சளைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்ததை அறை முழுக்க அடித்தேன். அம்மா வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அரிக்குது என்றாள், புதுப் பெயிண்ட் ஒத்துக்கலை என்றேன். சிறுநீர் டிகாக்ஷன் மாதிரி போகுது என்றாள், ஒழுங்கா தண்ணி குடி என்று அதட்டினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஏங்க, முகமெல்லாம் மஞ்சளா தெரியுதே என்றும் கேட்டாள். நான் சிரித்தேன், சிரித்தேனடி. சுவர் கலர் மேலே அடிக்குது, இந்த ரூம்ல வெள்ளைச் சட்டை போட்டாலும் மஞ்சளாத்தான் தெரியும், இதெல்லாம் தொழில் சமாச்சாரம், உனக்குப் புரியாது என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். இப்படியே ஐந்து நாள் போயிற்று. கீழ் வீட்டுத் தையல்காரம்மா துணிக்கு நூலின் நிறம் சேருகிறதா பார்க்க அவளை வெயிலில் கூப்பிட்டு நிறுத்தியபோதுதான், அக்கா, உங்க கண்ணு என்ன இப்படிக் கிடக்கு, அண்ணன் பாக்கலையா என்று அலறினாள். அந்தத் தாளை அப்போதுதான் தேடி எடுத்தேன். நான் தொட்டு வைத்த மஞ்சள் பின்னால் காய்ந்து கிடக்கிறது, முன்பக்கம் நாலாவது வரியில், கண் மஞ்சளானாலோ உடம்பு அரித்தாலோ உடனே வரவும் என்று அச்சடித்திருக்கிறது.

பித்தப்பைக்குப் போட வேண்டிய கிளிப், ஈரலிலிருந்து பித்தநீர் இறங்குகிற பெரிய குழாயிலும் விழுந்துவிட்டதாம். ஆயிரத்தில் மூன்று நாலு பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்து நாளைத் தின்றது அவரில்லை, நான். அதற்குள் கிருமி ஏறி, குளிர் தூக்கித் தூக்கிப் போட்டு, நாலு நாள் ஐசியூவில் கிடந்தாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். விலாவில் ஒரு குழாய், அதன் முனையில் பித்தநீர் வடிகிற பை. பையை நான்தான் காலி செய்கிறேன். உள்ளே புண் ஆறிய பிறகு, வருகிற மாதம் இருபத்தாறாம் தேதி, குடலை மேலே கொண்டுவந்து ஈரலின் பித்தக் குழாயோடு சேர்த்துத் தைக்கப் போகிறார்கள். ஆறு மணி நேரம் ஆகுமாம். பெரும்பாலும் நல்லா வந்துடும், ஆனா ஆபத்தே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அறைக்கு வெள்ளை அடித்துவிடுகிறேன் என்று பிரஷ்ஷை எடுத்தேன். அம்மா விடவில்லை. பதினெட்டு வருஷம் கேட்டு வாங்கின கலர், அதுல கை வச்சா பாருங்க, சுவர் என்ன பாவம் பண்ணிச்சு என்கிறாள். அப்போ நான் என்ன பாவம் பண்ணினேன் என்று அவள் என்னை ஒரு தடவை திட்டியிருந்தால் தேவலை. அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இத்தனை வருஷம் எதற்கும் லீவு போட்டு வராதே, நாங்க பாத்துக்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை வா. இரண்டாவது ஆப்பரேஷனுக்கான தாளைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வரி விடாமல் ஏழு தடவை படித்துவிட்டேன், கையெழுத்துப் போடத்தான் கை ஓடவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை படித்துக் காட்டு, போடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தையும் நீங்களும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். குளிருக்குப் போர்த்திக்கொண்டு வா. வந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அம்மாவை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைப் பார். தினமும் காலையில் நான் பார்க்கிறேன், வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஆனால் நான் சொல்வதை நம்பாதே, நீயே பார்.

இப்படிக்கு,
உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா