நிகழ்ச்சித்தாளில் உதயனின் பெயர்

லவால், கனடா
நவம்பர் 16

அன்பு மகள் நிருஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ ஆடப் போயிருக்கும் றிமூஸ்கியில் பனி கொட்டுவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தடித்த காலுறை கொண்டுபோயிருப்பாய் என்று நினைக்கிறேன். "என்ரை ஆட்டத்தைப் பாத்திட்டு ஏனம்மா ஒண்டும் சொல்லாமல் போனனீங்கள், பிடிக்கேல்லையோ?" என்று நீ தொலைபேசியில் கேட்டாய். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மெதுவாக வாசி. விளங்காத சொல் இருந்தால் என்னிடமே கேள்.

உன்மேல் மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். போன வருடம் ஒலிவியே உங்கள் பாலே குழுவுக்குப் புது இயக்குநராக வந்த கிழமை நீ குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதது எனக்கு மறக்கவில்லை. பழைய ஆட்டமெல்லாம் போதும், இனி நவீன நடனம்தான் என்றாராம். ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். நத்தார் பண்டிகைக்கு நீ ஆட இருந்த முதன்மைப் பாத்திரமும் போயிற்று. நகம் கழன்று இரத்தம் வர வர, சின்ன வயதிலிருந்து நுனிக்காலில் நின்று பழகிய பிள்ளை நீ. வெறுங்காலோடு வா, உன் வீட்டுக் கதை ஒன்றைக் கொண்டு வா என்று கேட்டாராம். "நான் இங்கை பிறந்தனான், எனக்கு என்ன கதை இருக்கு?" என்றாய். "அந்தாள் கேக்கிறதைக் குடு பிள்ளை, வேலையை விட்டிடாதை" என்றவள் நான்தான்.

எதைக் கொடுப்பாய் என்று நான் யோசிக்கவில்லை.

நீ கொடுத்தது, இரண்டு வருடத்துக்கு முன் நான் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, பிழைக்கமாட்டேனோ என்ற பயத்தில் உன் கையைப் பிடித்துச் சொன்ன கதை. அப்பாவுக்கே சொன்னதில்லை. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில், என் தம்பி உதயனை பஸ்ஸிலிருந்து இறக்கிய ஆமிக்காரன் பக்கத்தில் நின்ற என்னிடம் "இவன் ஆர்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். சொந்தக்காரரையும் சேர்த்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வந்து, நான் கூடப் போகவில்லை, சாமான் வாங்கச் சங்கக்கடை வரிசையில் நின்றேன் என்றேன். அதை நம்பித்தான் என் அண்ணன், உன் ஸ்ரீதரன் மாமா, அவனைத் தேடி இங்கிருந்து எத்தனையோ அலுவலகங்களுக்கு எழுதினார். கடைசியாகக் கண்டவர் யார் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் 'ஒருவருமில்லை' என்று நிரப்பினார்.

அந்த மாமாவையும் மாமியையும் உன் ஆட்டத்துக்கு நானே கூட்டிக்கொண்டு வந்தேன். விளக்கு அணைய முன் மாமா நிகழ்ச்சித்தாளை வாசித்தார். எனக்குப் பிரெஞ்சு அவ்வளவு வேகமாக வராது. 'உதயனுக்கு. அவனைத் தெரியாது என்று சொன்ன அக்காவின் கதை' என்று போட்டிருப்பதாகத் தமிழில் சொல்லிவிட்டு, "இதென்ன, எங்கடை உதயனோ?" என்று கேட்டார். விளக்கு அணைந்தது. பிறகு நீ ஆடினாய். உதயனாக நிலத்தில் முழந்தாளிட்ட அந்தப் பெடியனைப் பாராமல் முகத்தைத் திருப்பித் திருப்பி, பத்து நிமிடம். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நாங்கள் மூன்று பேரும்தான் எழும்பவில்லை.

"அண்டைக்கு நீ அங்கை நிண்டனியோ?" என்றார் மாமா.

"ஓம் அண்ணை" என்றேன்.

மாமா மாமியின் கோட்டை எடுத்துக் கொடுத்து அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்-பிசாரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமி கதவைப் பாதி திறந்து, "இப்ப வேண்டாம், பேந்து கதைப்பம்" என்றார். உள்ளே மாமா இருமுவது கேட்டது. அப்பாவுக்கும் இப்போது தெரியும். தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிக்கிறார்.

வேலையில் ஒரு பிரெஞ்சுப் பிள்ளை பத்திரிகை கொண்டுவந்து உன் படத்தைக் காட்டியது. ஒலிவியே குழுவுக்குப் புது உயிர் கொடுத்துவிட்டாராம். நீ துணிச்சல்காரியாம். யாரை வைத்துக் காட்டிய துணிச்சல், நிருஷா? நீ நன்றாக ஆடினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் ஒன்று பிழை. நான் முகத்தைத் திருப்பவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவனும் என்னைப் பார்த்தான். இதையும் கொண்டுபோய் ஒலிவியேக்குச் சொல்லிவிடாதே.

ஆட்டத்தை நிறுத்து என்று கேட்கமாட்டேன். நிறுத்தினால் உன்னையும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஊரில் அடிக்கும் தாளில் அவன் பெயரை மட்டும் எடுத்துவிடு, மகள். ஏதாவது ஒரு பெயர் வேண்டுமென்றால் என் பெயரை, குணேஸ்வரி என்று போடு.

உன் கால்களுக்கு ஒன்றும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா