சுந்தரியின் கண்ணில் நேரம் பார்ப்பது

மேட மாசம், வியாழன், ராத்திரி.

நான் வேலை பார்க்கும் கொச்சங்காடி சுக்குக் குடோனில் என் கைக்கு வாச்சே வேண்டாம். அங்குள்ள பூனை சுந்தரியின் கண்ணைப் பார்த்தே நேரம் சொல்வேன். உச்சிவெயிலில் கண்ணின் கறுப்பு நெல் மாதிரி ஒடுங்கும். அந்தியில் நல்ல மிளகு மாதிரி உருண்டு விரியும். ஜெர்மன்காரக் கண் டாக்டர் ஒருத்தர் இதை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். டாக்டராகத்தான் இருக்கணும், கண்ணாடி போட்டிருந்தார்.

இன்றைக்கு மத்தியானம் சுந்தரி முற்றத்து வெயிலில் கிடந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் முழுக்கக் கறுப்பு. எழுந்து நடந்து, நேரே சுக்குச் சாக்கில் முட்டியது.

"என்ன மாமா, உங்க வாச்சு நின்னு போச்சா?" என்றான் சுமை இறக்கும் ராஜு.

பக்கத்தில் முதலாளி சேட்டு நின்றார். எலி பிடிக்காத பூனையை அவர் வைத்துக்கொள்ளமாட்டார். முன்னால் இருந்ததை மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடச் சொன்னவர்.

"அமாவாசை வருதுல்ல. அதுக்கு முன்னால பூனைக்குக் கண் சுருங்காதுடா. சாஸ்திரத்துல இருக்கு" என்றேன். சேட்டு தலையாட்டினார். தோஷம் கழியட்டும் என்று சொல்லிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அமாவாசை கழிந்தால் என்ன சொல்வது? எப்போதும் ஏதாவது வாயில் வந்துவிடும். இன்றைக்குக் காலண்டரில் அமாவாசைக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்தேன். கறுப்பு அசையவில்லை. சுந்தரி என் விரலை நக்கிக்கொண்டிருக்கிறது.

அடுக்களையிலிருந்து வீட்டுக்காரி, "நேரம் எத்தனை ஆச்சு?" என்று கேட்டாள். பழக்கத்தில் சுந்தரியின் கண்ணைப் பார்த்தேன்.

அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள்.