இல்லாத கணவரும் விடுபட்ட கவிதையும்

இன்று மத்தியானம் உம்முடைய முப்பத்தோராம் நாள் சாப்பாடு. பந்தியில் இருக்கும்போது உம்முடைய கல்வெட்டைக் கையில் தந்தார்கள். அச்சு மை மணம் போகாத அந்த நினைவுப் புத்தகத்தை வாசித்ததிலிருந்து எனக்குப் பற்றி எரிகிறது. உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

வேலணையில் நாங்கள் இரண்டு ரீச்சர்மாரும் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் சாட்டிக் கடற்கரைக்குச் சைக்கிளில் போவோம். வழியெல்லாம் வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகள். சுவரில் அரசமரம் முளைத்த ஒரு வீட்டின் முன் நிறுத்தி, பழைய அமெரிக்கக் கவிதைகளைச் சொல்லத் தொடங்குவீர். பாழ்வீடு, கல்லறை, திரும்பி வரும் செத்தவர்கள். எனக்கு மயிர் கூச்செறியும். "ஏனப்பா உமக்கு இந்தப் பேய்க்கதை?" என்பேன்.

"பேய் எங்கை இருக்கு? போனவையை விடேலாமல் இருக்கிறவை எழுதினது. இந்த ரோட்டிலை நிண்டு வாசிச்சால் விளங்கும்" என்பீர்.

அவற்றில் ஒன்றை நீர் தமிழாக்கினீர். செத்துக் கிடப்பவள், சுற்றியிருக்கும் சனம் கதைப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு. உம்முடைய கல்வெட்டில் அதைத்தான் போடவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் கேட்டீர். கனடாவிலிருந்து உம்முடைய தம்பி வந்ததும் சொன்னேன்.

"ரீச்சர், செத்தவீட்டிலை பேய்ப்பாட்டுப் போட ஏலாது. சனம் என்ன சொல்லும்?"

"செத்தவீட்டிலை சாவைப் பற்றிக் கதைக்காமல் கலியாண வீட்டிலையே தம்பி கதைக்கிறது?"

கேட்கவில்லை. அச்சகத்தில் வழக்கமாய் இருக்கும் இரங்கற்பாவைப் போட்டுவிட்டார். யாருக்கோ எழுதியது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதில் உம்முடைய அன்புக் கணவர் கதறுகிறார்! பெற்ற பிள்ளைகள் துடிக்கிறார்கள்! கலியாணமே வேண்டாம் என்று கடைசிவரை ஒற்றைக்காலில் நின்ற உமக்கு! பேய் கூடாது என்றவர்கள் உமக்கு ஒரு பேயையே கட்டிவைத்துவிட்டார்கள். பந்தியில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே பாயசம் குடித்தார்கள்.

தம்பியைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். "இனி என்ன செய்யிறது ரீச்சர், அடிச்சாச்சே" என்றார். பாயசத்தைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

உம்முடைய பாட்டு எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு இருத்தி, அதைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். என் கல்வெட்டில் உம்முடைய பெயரோடு அது வரவேண்டும், அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டவேண்டும் என்றேன்.

"அம்மா, அப்ப நீங்கள் செத்துப்போயிருப்பியளே!"

"ஓம், அதுக்கென்ன? நீ வாசி. எனக்குக் கேக்கும்."