அந்த வரியை எழுதின கை

சேசு மரி சூசை துணை
கூட்டேரிப்பட்டு, அக்டோபர் 1951

மகன் அந்தோணிசாமிக்கு அம்மா குப்பம்மாள் எழுதுறது. இங்கே நானும் உங்கப்பாவும் தங்கச்சியும் உசுரோட இருக்கிறோம், சுகம்னு எழுத கை வரல. கோலாலம்பூர்ல நீ சுகமான்னு இந்த வாட்டி நான் கேக்கப்போறதில்ல. மழை பிடிச்சிக்கிச்சு, மல்லாட்டைக் கடலை பிடுங்குற கூலியும் நின்னுபோச்சு, உங்கப்பா இருமிக்கினே படுத்திருக்காரு. தங்கச்சிக்கு வளவனூர்ல பேசிக்கினு இருந்த இடம் தட்டிப்போச்சு, கொள்ளைக்காரன் கூடப் பொறந்தவளை எப்படிக் கட்டுறதுன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. எல்லாம் நீ வேலை பாக்குற பத்திரிகையால வந்த பேஜாரு.

தம்பி சவுரிராயன் ரப்பர் தோட்டத்துல விபத்துல போயிட்டான்னு நீ எழுதினதை நம்பி அழுது ஓய்ஞ்சோம். ஆவணியில கப்பல்ல வந்த கண்ணையன், தம்பியோட ஒரே தோட்டத்துல இருந்தவன், உங்க பத்திரிகைத் துண்டை டீக்கடையில எல்லாருக்கும் காட்டிட்டு அப்புறம் என்கிட்ட கொண்டாந்தான், விவரங்கெட்டவன். சோறு கடத்திய கொள்ளைக்காரன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான்னு போட்டிருந்துச்சு. அது நம்ம சவுரிராயன்தான்னு கண்ணையன் சொன்னான். விடியக்காலம் பால்மரம் வெட்டப் போறவன் தன் பசிக்குச் சோத்து வாளி எடுத்துக்கினு போனான், காட்டுல ஒளிஞ்சிக்கினு சர்க்காரோட சண்டை போடுறவங்களுக்குன்னு சொல்லி சிப்பாய்ங்க சுட்டுட்டாங்க. நடந்தது அவ்வளவுதான். பேரு கூடப் போடல, சுட்டவன் யாருன்னும் போடல.

கோயில் சாமியார் அதை எழுதினவனை மன்னிச்சிடும்மான்னாரு, தலையை ஆட்டிட்டு நேரா பூசைக்கு எழுதிக்கிற உபதேசியார்கிட்ட போனேன். பேரு தெரியாத ஒரு ஆத்துமத்துக்கு மரிச்சவங்க பூசை வேணும்னு கேட்டேன். உசுரோட இருக்கிறவனுக்கு அந்தப் பூசை வெச்சா வருசம் தாண்டமாட்டான்னு நம்ம தெருவுல சொல்லுவாங்களே, அதை நெனச்சுத்தான். துக்க மணி அடிச்சாங்க, சனம் முட்டி போட்டுச்சு. அந்த வரியை எழுதினவன் கை அழுகணும்னு நான் வேண்டிக்கினு இருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை கண்ணையன் வந்து தலையைக் குனிஞ்சிக்கினு சொன்னான், "பெரியம்மா, அதைத் தமிழ்ல எழுதினது நம்ம அந்தோணிசாமிதான்." துரைமாருங்க இங்கிலீசுல குடுக்கிறதை அப்படியே எழுதலேன்னா வேலை போயிடும்னு அவன்கிட்ட அழுதியாம். அழுதா சரியாப்போச்சா? பால்மரம் வெட்டுறவன்னு எழுத உனக்குத் தமிழ்ல வார்த்தை கெடைக்கலியா? ஊர்ல எது களவு போனாலும் நம்ம தெரு ஆளைத்தான் முதல்ல கட்டி வெச்சு அடிப்பாங்க, அதுக்குப் பயந்துதான் உங்க ரெண்டு பேரையும் கப்பலேத்தினேன். அங்கே போயி நீயே தம்பிக்கு அந்தப் பேரை வெச்சிருக்கே.

சாமியார்கிட்ட ஓடிப்போயி உண்மையைச் சொல்லி அந்தப் பூசையோட சாபத்தை எடுக்கச் சொல்லுன்னு உங்கப்பா அழுறாரு. நான் போகல. அதே பத்திரிகையில, அதே பக்கத்துல, சவுரிராயன் பேரைப் போட்டு, அவன் வேலைக்குப் போனவன், சிப்பாய்ங்க அநியாயமா சுட்டாங்கன்னு எழுது. வேலை போனா போகட்டும், ஜெயிலுக்குப் போனாலும் போ. அந்தத் தாளு என் கைக்கு வந்த அன்னிக்கு சாமியார் காலுல விழறேன். வரலேன்னா, வெச்ச பூசை வெச்சதுதான்.

மாதா உனக்குத் தைரியத்தைக் குடுக்கட்டும். மழையில நனையாதே, உனக்குச் சளி பிடிச்சா லேசுல போகாது. ஜல்தி எழுது.

இப்படிக்கு,
சவுரிராயனைப் பெத்தவ,
குப்பம்மாள்